மார்னிங்டன் தீபகற்பத்தில் ஒரு நாள்: வெந்நீர் ஊற்று, கடல், ஒயின். எதை முதலில் வைப்பது?

கிளைடு_தமிழச்சி:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் எங்கள் கல்யாண நாள் வருகிறது. மாமியார் ஊரிலிருந்து வந்திருப்பதால், பையனை அவரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் மட்டும் ஒரு நாள் வெளியே போய்வரலாம் என்று இருக்கிறோம். இரவு தங்க முடியாது. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

மெல்பேர்னில் யாரைக் கேட்டாலும் மார்னிங்டன் தீபகற்பத்தைத்தான் சொல்கிறார்கள். வெந்நீர் ஊற்றில் குளியல், கடலோரம் கொஞ்ச நேரம், அப்புறம் ஒயின் சுவைப்பு. ஒரு டூர் பேருந்து விளம்பரமும் கண்ணில் பட்டது: ஊற்று, கேபிள் கார், நான்கு ஒயின் தோட்டங்கள், சாக்லேட் கடை, எல்லாம் ஒரே நாளில். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. நாங்கள் போவதே ஓய்வுக்காக.

என் சந்தேகங்கள் இவை. முதலில் ஊற்றா, ஒயினா? ஜூன் குளிரில் திறந்தவெளியில் குளிக்க முடியுமா? எனக்கு நீச்சல் உடை போட்டுப் பழக்கம் இல்லை, உடம்பை மூடிய உடையோடு இறங்க விடுவார்களா? ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள ஆசை. கணவர் குடிப்பதில்லை, வண்டி அவர்தான் ஓட்டுவார். அவருக்கு அந்த இடத்தில் பொழுது போகுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெரிபீ_வாசன்:

சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஊற்றில் ஒரு குளத்திலிருந்து எழுந்தால் அடுத்த குளத்தில் இடம் கிடைக்கும்வரை ஈரத்தோடு நிற்க வேண்டியிருக்கும். வாரநாளில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். அந்த டூர் பேருந்தில் என் தங்கை போனாள், ஒவ்வொரு இடத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கம்பம்_கொடி:

தோழி, நான் அந்தத் தீபகற்பத்தில் ரெட் ஹில் பக்கம் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் வார இறுதிகளில் சுவைப்பு மேசையில் நின்று ஒயின் ஊற்றித் தருகிறேன். பிறந்தது கம்பம். அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசை. ஊற்று காலையில், கடல் நடுவில், ஒயின் கடைசியில். இதை மாற்றவே மாற்றாதீர்கள். வெந்நீரில் உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், வியர்த்து உடம்பில் நீரும் குறையும். மதுவும் இதையேதான் செய்கிறது. குடித்துவிட்டுப் போய் வெந்நீரில் உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றும், சிலர் விழுந்தே விடுவார்கள். மதியம் இரண்டு தோட்டத்தில் சுவைத்துவிட்டு மாலையில் ஊற்று என்று திட்டம் போட்டு வருகிறவர்களை மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு மனம் பதறும். சொல்லித்தான் அனுப்புவேன்.

ஊற்றுகள் இருப்பது ஃபிங்கல் என்ற இடத்தில். பெனின்சுலா ஹாட் ஸ்பிரிங்ஸ் 2005-ல் திறந்தது. ஆல்பா என்ற இன்னொன்று அதன் பக்கத்திலேயே 2022-ல் வந்தது. ஆல்பா புதிய கட்டடம், நேர்த்தி, அமைதி. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பழையதைத்தான் சொல்வேன். காரணம் அதன் மலையுச்சிக் குளம். குன்றின் உச்சியில் வட்டமாக ஒரு சிறிய குளம், கழுத்துவரை வெந்நீரில் இருந்துகொண்டு சுற்றிலும் மேய்ச்சல் நிலத்தையும் மேடுகளையும் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் சூரியன் உதிப்பதே ஏழரை மணி வாக்கில்தான். அதனால் அடித்துப் பிடித்து எழ வேண்டியதில்லை, காலையின் முதல் நேரங்களில் ஒன்றாகப் பார்த்து புக் செய்யுங்கள். நேராக மேலே ஏறி உச்சிக் குளத்தை முடித்துவிட்டு, அப்புறம் கீழே ஒவ்வொன்றாக வாருங்கள். எல்லோரும் கீழிருந்து தொடங்கி, கூட்டம் சேர்ந்த நேரத்தில் உச்சிக்கு வருவார்கள்.

இது பூமிக்கு மேல் தானாகக் கொப்பளிக்கிற ஊற்று அல்ல. 637 மீட்டர் ஆழத்துக்குத் துளைபோட்டு எடுக்கும் நீர், சுமார் 54 டிகிரியில் வருகிறது. அதை ஆறவைத்து ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வொரு சூட்டில் விடுகிறார்கள். பெரும்பாலானவை 37-லிருந்து 42 வரை இருக்கும். மிதமானதில் தொடங்குங்கள். ஒரே குளத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், எழுந்து கரையில் கொஞ்சம் ஆறுங்கள், தண்ணீர் குடியுங்கள். குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். நீருக்குள் இருக்கும்வரை குளிர் தெரியாது, சொல்லப்போனால் ஜூன், ஜூலைதான் இதற்கு நல்ல காலம். ஆவி எழும்பி முகத்தில் படும், தலைக்கு மேல் காற்று சில்லென்று இருக்கும். கஷ்டம் எல்லாம் ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு நடக்கும் அந்த அரை நிமிடம்தான். அதற்காக ஆளுக்கொரு பெரிய துண்டோ டிரெஸ்ஸிங் கவுனோ, கூடவே ரப்பர் செருப்பும் இருக்கட்டும்.

உடைக்குப் பயப்படாதீர்கள். நீச்சலுக்கென்று தைத்த முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை வரும் லெக்கிங்ஸும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றோடு பெண்கள் தாராளமாக வருகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பருத்திச் சட்டையும் சுரிதார் பேண்டும் மட்டும் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், வெளியே வந்ததும் உடம்போடு ஒட்டி நடுங்கவைக்கும். இன்னொன்று, இதை யாரும் நம்மவர்களுக்குச் சொல்வதில்லை: கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எதுவானாலும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கனிமம் கலந்த இந்த நீரில் வெள்ளி கறுத்துவிடும். மெட்டியைக் கழற்றக் கூடாது என்று நினைப்பவர்கள் அதன்மேல் நீர் புகாத பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம்.

குளித்து முடித்தால் பசி பிடுங்கும். ஊற்றிலேயே சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் என் யோசனை வேறு. காலையிலேயே எலுமிச்சை சாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கூடவே ஃபிளாஸ்கில் காபி. போனியோ ரோடு வழியாகத் தெற்கே கேப் ஷாங்க் போய், கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

கேப் ஷாங்க் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தீபகற்பத்தின் தென்முனை அது. 1859-ல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து மரப்பலகை நடைபாதை முதுகெலும்பு மாதிரி ஒடுங்கிய மேட்டின் மேலேயே இறங்கிப் போகும், இரண்டு பக்கமும் பாஸ் நீரிணை. கீழே மணல் கிடையாது, கூழாங்கற்கள்தான். அலை பின்வாங்கும்போது அத்தனை கற்களும் ஒன்றோடொன்று உருண்டு சலசலக்கும். நான் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்வேன், படம் எடுப்பது அப்புறம். முனையில் கறுப்பாக நிற்பது புல்பிட் ராக், எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. படிகள் அதிகம், குளித்த களைப்பில் கால் துவளும், அதனால் சாப்பிட்டபின் மெதுவாக இறங்குங்கள். கிளம்புமுன் பார்க்ஸ் விக்டோரியா என்ற பூங்காத் துறையின் இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆர்தர்ஸ் சீட் மலைக்கு ஏறும் கேபிள் காரை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 300 மீட்டருக்குச் சற்று மேல் உயரம்தான், ஆனால் வளைகுடா முழுவதும் தெரியும், வானம் தெளிந்த நாளில் மெல்பேர்ன் கட்டடங்கள்வரை. ஜூன் மாதத்தில் பாதி நாள் மேகம் மூடியிருக்கும். பையனோடு கோடையில் வாருங்கள், அவன்தான் அதை அனுபவிப்பான்.

இப்போது ஒயின். கேப் ஷாங்கிலிருந்து ஃபிளிண்டர்ஸ் வழியாக ரெட் ஹில்லுக்கு ஏறி வாருங்கள். இரண்டு தோட்டம், அதற்கு மேல் வேண்டாம். முதலாவது சிறியதாக இருக்கட்டும், ஊற்றித் தருகிறவர் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கிற இடமாக. இரண்டாவதற்கு மோன்டால்டோவோ பாயின்ட் லியோ எஸ்டேட்டோ போங்கள். இரண்டிலும் திறந்தவெளிச் சிற்பத் தோட்டம் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அங்கே நன்றாகப் பொழுது போகும். பாயின்ட் லியோவில் சிற்பங்களுக்குப் பின்னால் வெஸ்டர்ன் போர்ட் கடல் விரிந்து கிடக்கும். குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, அவருக்கும் அது கல்யாண நாள்தானே.

பெரும்பாலான தோட்டங்கள் காலை பதினொன்றுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடும். குளிர்காலத்தில் சிலது வாரத்தில் சில நாட்கள் மட்டும்தான். முன்கூட்டியே பார்த்து புக் செய்துவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு இன்னொன்று என்று வைத்தால் பரபரப்பு இருக்காது. சுவைப்புக்குக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

இந்த ஊரின் பெருமை பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. தீபகற்பத்தின் மூன்று பக்கமும் கடல், அதனால் கோடையிலும் வெயில் ஏறுவதில்லை, திராட்சை அவசரப்படாமல் மெல்லப் பழுக்கிறது. பினோ நுவாருக்குத் தோல் மெல்லிசு, சூட்டைத் தாங்காது. இங்கே அது பிழைத்ததற்குக் காரணம் இந்தக் குளிர்தான். 1970-களில்தான் இப்போதைய தோட்டங்கள் வரத் தொடங்கின. 1975-ல் கொடி நட்ட மெயின் ரிட்ஜ் எஸ்டேட் அந்த முன்னோடிகளில் ஒன்று. மேட்டில் ரெட் ஹில், மெயின் ரிட்ஜ் பக்கம் எரிமலைச் செம்மண், இன்னும் குளிர். கீழே மூருடக் பக்கம் கொஞ்சம் சூடு, அங்கே பழம் முன்னதாகவே பழுத்துவிடும். ஒரே திராட்சையை மேட்டிலிருந்து ஒன்று, கீழேயிருந்து ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் புத்தகமும் வேண்டாம், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

சுவைக்கும் விதம் ரொம்ப எளிது. வெள்ளை முதலில், சிவப்பு பின்னால். கிளாஸை அடியில், காம்பில் பிடியுங்கள், கை சூடு ஏறக் கூடாது. வெள்ளைத் தாளுக்கு எதிரில் சாய்த்துப் பாருங்கள். பினோ நுவார் என்றால் தாளில் உள்ள எழுத்தே ஊடாகத் தெரியும், அவ்வளவு வெளிறிய சிவப்பு. மெதுவாகச் சுழற்றி முகருங்கள். செர்ரி, ஸ்ட்ராபெரி முதலில் வரும், கொஞ்சம் பொறுத்தால் காளான், ஈர மண் வாசனை அடியிலிருந்து எழும். ஒரு சிறு மடக்கு எடுத்து வாயில் சுற்றவிடுங்கள். விழுங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. மேசையில் துப்புவதற்கென்றே ஒரு குடுவை இருக்கும், ஒயின் செய்கிறவர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள். எங்கள் மேசைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் பலர் மரியாதைக் குறைவு என்று நினைத்து முழுவதையும் குடித்து முடிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிடிக்காததைக் கொட்டினாலும் நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

ஜூன் மாதத்தில் கொடியில் ஓர் இலைகூட இருக்காது. அதற்காக ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், கவாத்து நடக்கிற காலம் அது. எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுவோம், அறுப்பும் வருடத்துக்கு ஒரு தடவையோடு நிற்காது. இங்கே இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி, வரிசை வரிசையாக ஒடுக்கி நிறுத்துகிறார்கள், அறுப்பு வருடத்தில் ஒரே தடவை, மார்ச், ஏப்ரல் வாக்கில். குளிரில் இரண்டு மூன்று அடுக்கு உடுத்திக்கொண்டு ஒருவர் ஒரு கொடியின் முன் நின்று, எந்தக் குச்சியை வைப்பது, எதை வெட்டுவது என்று யோசித்து வெட்டுவதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அடுத்த வருட ஒயின் அந்தக் கத்தரியில்தான் இருக்கிறது. அப்பாவும் அப்படித்தான், கவாத்து நாளில் யாரோடும் பேச மாட்டார்.

மணற்காடு63:

தங்கச்சி, கம்பம் பிள்ளை எல்லாம் வடிவாகச் சொல்லிப்போட்டா. நான் இரண்டு விசயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, வண்டி. உங்கட மனுசன் குடிக்கிறதில்லை என்றது நல்ல விசயம், அப்படியே இருக்கட்டும். சுவைப்பு என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்கிற ஆட்களுக்காகச் சொல்லுறேன். ஒரு தரம் ஊத்துறது ஏறத்தாழ 30 மில்லி. ஐந்து வகை குடித்தால் 150 மில்லி. 100 மில்லி ஒயினே இங்கத்தைய கணக்கில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்குக்கு, அதாவது மதுவை அளக்கிற ஒரு அலகுக்குக் கிட்ட வரும். அப்ப ஒரு தோட்டத்தில் ஒன்றரை, இரண்டு தோட்டத்தில் மூன்று. விக்டோரியாவில் ஓட்டுற ஆளின்ர ரத்தத்தில் மதுவுக்கு எல்லை 0.05 சதவீதம். பி பிளேட், அதாவது புது லைசென்ஸ் வைத்திருக்கிறவைக்குச் சுழியம். போலீஸ் காரணம் இல்லாமலே மறித்து ஊதச் சொல்லலாம். அதோட ஜூனில் ஐந்து மணி தாண்டினால் இருட்டிவிடும், போனியோ ரோடு, கிரீன்ஸ் புஷ் பக்கம் கங்காரு றோட்டுக்குக் குறுக்க பாயும். தெளிஞ்ச ஆள்தான் ஓட்ட வேணும், அதுவும் கெதியாக ஓட்டக் கூடாது.

மற்றது, நீங்கள் கிளைடில் இருந்துதானே வாறீங்கள். ஈஸ்ட்லிங்க் ஏறிக் காசு கட்டத் தேவையில்லை. தாம்சன்ஸ் ரோட்டால நேரே வந்து பெனின்சுலா லிங்க் பிடியுங்கோ, அதற்குக் கட்டணம் இல்லை. வழியில கேரம் டவுன்ஸ். கல்யாண நாள் என்றால் காலமை சிவ விஷ்ணு கோயிலில் இறங்கி ஒரு அர்ச்சனை செய்துபோட்டுப் போங்கோ. நானும் மனுசியும் அந்தப் பக்கம் போகேக்க எப்பவும் அப்படித்தான். திரும்பி வரேக்க ஒயின் குடிச்ச வாயோட கோயிலுக்குப் போக மனம் வராது, அதனால காலமைதான் சரி.

கிளைடு_தமிழச்சி:

ஐயா, தோழி, இரண்டு பேருக்கும் நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்குக் கூழாங்கல் சத்தமும் சிற்பத் தோட்டமும் பிடித்துவிட்டன. அர்ச்சனை என்றதும் மாமியாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை போகிறோம். கோயில் திறக்கும் நேரத்துக்குப் போய் அர்ச்சனை, பத்து மணிக்கு ஊற்று, ஒரு மணிக்கு கேப் ஷாங்க், இரண்டு மணிக்கு முதல் தோட்டம், மூன்றரைக்கு பாயின்ட் லியோ. சரியாக வருமா? அப்புறம் ஒரு பாட்டில் வாங்கிவந்து ஒரு நாள் கொஞ்சம், இன்னொரு நாள் கொஞ்சம் என்று குடிக்கலாமா? நான் ஒருத்திதான் குடிப்பேன். நம் சமையலில் எதோடு சேரும்?

கம்பம்_கொடி:

ஒன்றே ஒன்று மாற்றுங்கள். ஒரு மணிக்குச் சாப்பிட்டுப் படி இறங்கி ஏறி இரண்டுக்குத் தோட்டத்தில் நிற்க முடியாது. முதல் தோட்டத்தை இரண்டரைக்குத் தள்ளுங்கள், பாயின்ட் லியோவை நாலுக்கு வையுங்கள். சிற்பங்களைப் பார்க்க அவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், அங்கே போனதும் முதலில் இருவரும் சேர்ந்து நடந்துவிட்டு அப்புறம் நீங்கள் மேசைக்கு வாருங்கள். அந்த நேரத்தில் சுவைப்பு உண்டா என்று மட்டும் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கேப் ஷாங்கில் மழை பிடித்துக்கொண்டால் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு கடலுக்குள் நீளும் ஃபிளிண்டர்ஸ் படகுத்துறைப் பாலத்துக்குப் போங்கள், அங்கே படி ஏற வேண்டாம்.

திறந்த பினோ நுவார் மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும், அதற்கு மேல் வாசனை போய்விடும். அதனால் அரை பாட்டில் விற்கிறார்களா என்று கேளுங்கள். குடிப்பதற்கு இருபது நிமிடம் முன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள், ரொம்பச் சில்லென்றும் இருக்கக் கூடாது. புளிக்குழம்பு, காரக்குழம்போடு சேராது, புளிப்பும் காரமும் அதை அடித்துவிடும். காளானை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, மிளகாய் சேர்க்காமல், நெய்யில் சுருள வதக்குங்கள். அதோடு குடித்துப் பாருங்கள். உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் அந்தக் காளான் தோசைக்கு நடுவில் வைக்க நன்றாக இருக்கும்.